சொல்லக் கூடாத சொல்

முன்னாளில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தின் செல்வம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கையை நீட்டிக் காட்டிவிடலாம். கரையில் ஏற்றி வைத்த படகு, வெயிலில் உலரும் வலை, பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடக்கும் சிறு பொன், வீட்டு மூலையில் இருக்கும் தகரப் பெட்டி, இவையே செல்வம். பெட்டிக்கு ஒரு பூட்டு; பூட்டுக்கு ஒரு சாவி; சாவி தாயின் இடுப்பில். களவு நடக்க வேண்டுமாயின் கள்வன் வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

இன்று நிலைமை வேறு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அதற்கென மீனவக் குடும்பங்களுக்கு அரசு தரும் நிவாரணத் தொகை நேரே வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. முதியோர் ஓய்வூதியமும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் அவ்வாறே. இறாலும் நண்டும் மடவையும் வாங்க வரும் வியாபாரி, பல வேளைகளில் பணத்தாளை எடுப்பதில்லை, கைபேசியை எடுக்கிறார். கூடை சுமந்து மீன் விற்கும் தாய்மார்களும் கட்டம் போட்ட அட்டையைக் காட்டிப் பணம் பெறுகின்றனர். 2016-இல் நம் நாட்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறை, பத்தாண்டுகளுக்குள் குப்பத்தின் கடைசி வீடு வரை வந்துவிட்டது.

ஆக, தகரப் பெட்டி கைபேசிக்குள் குடியேறிவிட்டது. அதற்கும் பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் சாவி இரும்பாலானதன்று. ஒரு சொல், அல்லது சில எண்கள். அதையே கடவுச்சொல் என்கிறோம். இந்தச் சாவியை நம் குடும்பங்கள் எவ்வாறு பேணுகின்றன என்பதைச் சற்றே சிந்திப்போம்.

யோர்தான் துறையில் ஒரு சொல்

கடவுச்சொல் என்பது கணினியோடு பிறந்ததன்று. நீதித்தலைவர்கள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. போரில் தோற்று ஓடிய எப்ராயிம் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடக்க முயன்றனர். ஆற்றுத் துறைகளைக் கிலயாது நாட்டினர் பிடித்து வைத்திருந்தனர். கடக்க வந்தவரை நிறுத்தி, 'ஷிபோலேத்' என்று சொல்லும்படி கேட்டனர். எப்ராயிமரின் நாவில் அந்த முதல் ஒலி வராது, 'சிபோலேத்' என்பர். அந்த ஓர் எழுத்து அவர்களைக் காட்டிக் கொடுத்தது. 42,000 பேர் மடிந்தனர் என்கிறது அந்நூல்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துறையில் நின்ற காவலன் எவருடைய முகத்தையும் அறியான்; சொல்லை மட்டுமே அறிவான். இன்றைய கணினியும் அப்படிப்பட்ட காவலனே. நாம் யார், எத்தனை வியர்வை சிந்திப் பணம் சேர்த்தோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சரியான சொல்லைச் சொன்னவர் எவரோ, அவரே உரிமையாளர் என்று அது கதவைத் திறந்துவிடும்.

கணினிக்கு முதன்முதலாகக் கடவுச்சொல் வைத்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், 1961-ஆம் ஆண்டளவில். பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையை உருவாக்கியபோது, ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்க இந்த ஏற்பாட்டைச் செய்தனர். அடுத்த ஆண்டே அது களவு போயிற்று. அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், வாரத்திற்குத் தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்த மறு ஆண்டே திருட்டுச் சாவியும் பிறந்துவிட்டது!

எளிதில் திறக்கும் பூட்டுகள்

2009-ஆம் ஆண்டு டிசம்பரில் 'ராக்யூ' என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் பேரின் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? ஏறத்தாழ 2,90,000 பேர் வைத்திருந்த கடவுச்சொல் 123456 என்பதே. உலகெங்கும் மனித மனம் ஒரே வகையில் சோம்பல் கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

படித்தவர்களும் பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. பாரிஸ் மாநகரின் புகழ்பெற்ற லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2014-இல் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகமை ஆய்வு நடத்தியது. கண்காணிப்புப் படக்கருவிகளை ஆளும் கணினிக்கு வைத்திருந்த கடவுச்சொல் 'லூவ்ர்' என்பதே! 2025 அக்டோபரில் அங்கே அரச நகைகள் கொள்ளை போன பின்பு இச்செய்தி நாளேடுகளில் வெளிவந்தது. நம் மாநிலத்திலும் 2024 மே மாதத்தில், காவல்துறையின் முக அடையாளம் காணும் மென்பொருளுக்குள் அந்நியர் நுழைந்தனர். நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் பறிபோனதாகத் தெரிகிறது என்று காவல்துறையே அறிவித்தது.

நம் வீடுகளில் கடவுச்சொல்லாக வைப்பவை எவை? பிள்ளையின் பெயர், படகின் பெயர், பாதுகாவலரான புனிதரின் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண். இவற்றை நினைவில் வைப்பது எளிது. ஊருக்கும் அவை தெரியும் என்பதே தொல்லை. படகின் பெயரைப் பெரிய எழுத்தில் அணியத்தில் எழுதிவிட்டு, அதையே இரகசியச் சொல்லாக வைத்தால் அது எங்ஙனம் இரகசியமாகும்?

பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம். எட்டு இலக்கங்கள் இருப்பதால் வலிமையானது போலத் தோன்றும். ஆனால் நூறு ஆண்டுகளில் உள்ள நாட்கள் மொத்தம் 36,525 மட்டுமே. ஒரு கணினி நிரலுக்கு அத்தனை தேதிகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது ஒரு நொடிக்குள் முடிகிற வேலை.

முகத்துவாரத்தைக் காப்போம்

எளிய சொல்லை வைப்பதைவிடக் கொடிய பழக்கம் ஒன்றுண்டு. அது ஒரே சொல்லை எல்லா இடங்களிலும் வைப்பது.

கள்வர் இன்று ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவதில்லை. பாதுகாப்புக் குறைந்த ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்திலிருந்தோ கடைத் தளத்திலிருந்தோ இலட்சக்கணக்கான பெயர்களையும் கடவுச்சொற்களையும் அள்ளுகின்றனர். பின்னர் அதே பெயரையும் சொல்லையும் வங்கியிலும் மின்னஞ்சலிலும் பொருத்திப் பார்க்கின்றனர். மகன் ஒரு விளையாட்டுக்காக வைத்த சொல்லே குடும்பத்தின் மின்னஞ்சலுக்கும் இருக்குமானால், இரண்டும் ஒரே நாளில் போய்விடும்.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக வழங்கிவரும் பாடு முறையை நாம் அறிவோம். ஏரியில் வலை கட்டும் இடங்கள் முறைவைத்துப் பிரிக்கப்படுகின்றன; ஓர் இடத்தில் கிடைத்த முறையைக் காட்டி இன்னோர் இடத்தில் வலை விரிக்க எவருக்கும் உரிமையில்லை. கணக்குகளுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். ஒரு கணக்குக்கு வைத்த சொல் அந்தக் கணக்கை மட்டுமே திறக்க வேண்டும்.

இவற்றுள்ளும் தலையாயது மின்னஞ்சல். பழவேற்காட்டு ஏரி எத்தனை பரந்ததாயினும், கடல் நீரும் இறால் குஞ்சும் உள்ளே வருவது முகத்துவாரத்தின் வழியாக. அது மணல் மூடினால் ஏரியின் பிழைப்பே தடுமாறும் என்பதை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் இணையக் கணக்குகளுக்கு மின்னஞ்சலே முகத்துவாரம். ஏதேனும் ஒரு கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால், புதியது வைப்பதற்கான வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வருகிறது. மின்னஞ்சலைப் பிடித்தவன் மற்ற கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்வான். ஆகவே வேறெதற்கு இல்லாவிடினும், மின்னஞ்சலுக்கு வலிய, தனியான கடவுச்சொல் கட்டாயம் வேண்டும்.

நம் பிள்ளைகள் பலருக்கு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கித் தருவது கணினி மையங்களே. விண்ணப்பம் நிரப்பும் அவசரத்தில், மையத்தில் இருப்பவரே ஒரு சொல்லை வைத்து, விண்ணப்பத் தாளின் ஓரத்தில் எழுதித் தருவார். சில வேளைகளில் அவருடைய கைபேசி எண்ணே அதில் பதிவாகிவிடும். அத்தகைய கணக்கு பெயருக்குத்தான் நம்முடையது. வீடு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றி, நம் எண்ணைப் பதிவு செய்துகொள்வது அறிவுடைமை.

நீளமே வலிமை

வலிய கடவுச்சொல் என்பது யாது? பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, தொண்ணூறு நாட்களுக்கு ஒருமுறை மாற்றம் என்றே நீண்ட காலம் சொல்லி வந்தனர். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து பரவிய அறிவுரை அது. விளைவு என்ன? மக்கள் பழைய சொல்லின் இறுதியில் 1 என்றிருந்ததை 2 ஆக்கினர். கள்வரும் அதை அறிந்துகொண்டனர். 2017-இல் அந்த நிறுவனமே தன் அறிவுரையைத் திருத்தியது. காரணமின்றி அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. களவு போனதாகத் தெரிந்தால் உடனே மாற்றுக. குறியீடுகளைவிட நீளமே முக்கியம் என்பதே புதிய பாடம்.

நீளம் ஏன் முக்கியம்? ஆறு சிறிய ஆங்கில எழுத்துகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் கிடைப்பவை ஏறத்தாழ 31 கோடிச் சொற்கள். இது நமக்குப் பெரிது, கணினிக்குச் சிறிது. எழுத்துகளைப் பன்னிரண்டாக்கினால் அது 95,000 இலட்சம் கோடியைத் தாண்டுகிறது. எழுத்து இரு மடங்கானால் கள்வனின் உழைப்பு 31 கோடி மடங்காகிறது.

ஆனால் பொருளற்ற பன்னிரண்டு எழுத்துகளை யார் நினைவில் வைப்பார்? இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து ஒரே தொடராக்கலாம். 1995-இல் அர்னால்டு ரெயின்ஹோல்டு என்பவர் இதற்கெனவே 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டு, பகடையை ஐந்து முறை உருட்டி ஒவ்வொரு சொல்லையும் தேரும்படி சொன்னார். மனம் தேர்ந்தெடுத்தால் பழகிய சொற்களையே தேரும். பகடைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு பழைய நூலைக் கண்ணை மூடிப் பிரித்து, விரல் பட்ட இடத்துச் சொல்லை ஐந்து முறை எடுத்துக்கொள்ளலாம். 'குடை நண்டு செவ்வாய் புளியமரம் ஊசி' என்று வந்தால், அதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யலாம். செவ்வாய்க்கிழமை குடை பிடித்த நண்டு புளியமரத்தடியில் ஊசி தேடுகிறது என்று எண்ணிக்கொண்டால் குழந்தைகூட மறவாது. இந்த எடுத்துக்காட்டு அச்சேறிவிட்டதால் இதை எவரும் வைக்க வேண்டாம். பாடல் வரி, செபத்தின் முதல் வரி, பழமொழி ஆகியவையும் வேண்டாம். எல்லாரும் அறிந்த தொடர் இரகசியமாகாது.

சாவிகளுக்கு ஒரு பெட்டகம்

ஒவ்வொரு கணக்குக்கும் தனிச்சொல், அதுவும் நீண்ட சொல் என்றால், ஒரு குடும்பத்துக்கு இருபது முப்பது சொற்கள் தேவைப்படுமே! அத்தனையும் நினைவில் நிற்குமா? நில்லாது. எனவேதான் மக்கள் ஒரே சொல்லை எங்கும் வைக்கின்றனர். குறை அவர்களுடைய அறிவில் இல்லை. மனித நினைவின் எல்லையில் இருக்கிறது.

இதற்கான கருவியே 'பாஸ்வேர்டு மேனேஜர்'. நாம் இதைக் கடவுச்சொல் பெட்டகம் என்று அழைப்போம். எல்லாச் சொற்களையும் இது ஒரே இடத்தில், பிறர் படிக்க இயலாத மறைமொழியாக மாற்றி வைக்கிறது. அந்தப் பெட்டகத்தைத் திறக்க நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு தலைமைச் சொல். புதிய கணக்குகளுக்கு எவராலும் ஊகிக்க முடியாத நீண்ட சொற்களை இதுவே உருவாக்கித் தரும். வேண்டும்போது தானே நிரப்பும்.

மற்றொரு நன்மையும் உண்டு. வங்கியின் பெயரில் போலித் தளம் அமைத்து ஏமாற்றுவோர் பலர். நம் கண்கள் ஓர் எழுத்து மாறியதைக் காணத் தவறும்; பெட்டகம் தவறாது. பதிந்த முகவரி அல்லாத வேறு முகவரியில் அது சொல்லை நிரப்பாது. எப்போதும் நிரப்புவது இன்று ஏன் நிரப்பவில்லை என்று நாம் நின்று பார்க்க வேண்டும். யோர்தான் துறையில் ஓர் ஒலியின் வேறுபாட்டைக் கண்டுகொண்ட காவலன் இப்போது நம் பக்கம் நிற்கிறான் எனலாம்.

பிட்வார்டன், கீபாஸ் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கூகுளின் பெட்டகமும், ஆப்பிள் கைபேசிகளில் அந்நிறுவனத்தின் பெட்டகமும் முன்னரே இருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். கைபேசியின் திரைக்கும் நல்ல பூட்டு வேண்டும் என்பதை மறவாதிருப்போம்.

பெட்டகமே களவு போனால் என்ன செய்வது என்று கேட்போர் உளர், கேட்பது நியாயமே. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்னும் நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் களவு போயின. அவை மறைமொழியில் இருந்தமையால், நீண்ட தலைமைச் சொல் வைத்தவர்களுக்குக் காப்பு இருந்தது. எளிய சொல் வைத்தவர்களுக்கே பேராபத்து. ஆகவே தலைமைச் சொல்லில் கஞ்சத்தனம் வேண்டாம். முக்கியக் கணக்குகளுக்கு, கடவுச்சொல்லுக்கு மேல் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டு வைப்போம்.

உதவி செய்யும் பிள்ளை

இனி நாம் சொல்ல விரும்பும் செய்தியே இக்கட்டுரையின் உயிர்.

நம் குப்பங்களில் எவரும் தனியே வாழ்வதில்லை. வலை இழுக்க நாலு கை வேண்டும். படகைக் கரையேற்றப் பத்துத் தோள் வேண்டும். அதே வழக்கத்தில், கைபேசி தெரியாத முதியவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்து, "தம்பி, பணம் வந்திருக்கிறதா பார்" என்று கேட்கிறார். பின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்கிறார். பிள்ளையும் நல்ல பிள்ளையே.

ஆனால் ஒருநாள் கணக்கில் பணம் குறைந்தால்? எங்கோ தொலைவில் உள்ள கள்வன் எடுத்திருக்கலாம். முதியவரே மறந்து செலவழித்திருக்கலாம். எனினும் முதலில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான். குற்றமற்றவன் தன்னைக் குற்றமற்றவன் என்று காட்ட வழியில்லை. இரண்டு வீடுகளுக்கு இடையே பேச்சு நிற்கும். திருமணத்திற்கும் துக்கத்திற்கும் போக்குவரத்து நிற்கும். போன பணத்தை ஒரு பருவத்தில் சம்பாதிக்கலாம். போன உறவை மீட்க ஒரு தலைமுறை போதாது.

ஆதலால், கடவுச்சொல்லைச் சொல்லாதிருப்பது அவநம்பிக்கை என்று எவரும் எண்ண வேண்டாம். அது உதவ வந்தவரைச் சோதனையிலிருந்தும் சந்தேகத்திலிருந்தும் காக்கும் அன்புச் செயல். உதவுகிற இளைஞர்களும் ஒரு நல்வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். பின் எண் அழுத்தும் நேரத்தில் கைபேசியை முதியவரிடமே கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். "பாட்டி, நீங்களே அழுத்துங்கள், எனக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லும் பிள்ளையே உண்மையில் நல்ல பிள்ளை.

முகம் தெரியாதவர் கேட்டாலோ, ஐயமே வேண்டாம், சொல்லக் கூடாது. வங்கி அதிகாரி என்றாலும், நிவாரணத் தொகை அனுப்புகிறோம் என்றாலும், இன்றிரவு மின் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டினாலும் சொல்லக் கூடாது. யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்பவே பின் எண் தேவை. பணம் பெற அது தேவையில்லை. பெறுவதற்குப் பின் எண்ணை அழுத்தச் சொல்பவர் தருபவர் அல்லர், பறிப்பவர்.

உறையிட்டு வைப்போம்

கடலை நம்பி வாழும் குடும்பங்களில் பேசத் தயங்கும் ஒன்றையும் பேசியாக வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பாத நாளும் உண்டு. அன்று மனைவி மக்களுக்கு எந்த வங்கியில் கணக்கு, எந்தக் காப்புறுதி என்பதே தெரியாமற் போகக் கூடாது. கணக்குகளின் பட்டியலையும் பெட்டகத்தின் தலைமைச் சொல்லையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, குடும்ப அட்டையும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வைக்கலாம். அங்கே அது இருப்பதை வாழ்க்கைத்துணை அறிந்திருந்தால் போதும். தாளில் எழுதுவது தவறு என்று அஞ்ச வேண்டாம். தொலைநாட்டுக் கள்வனால் நம் தகரப் பெட்டியைத் திறக்க இயலாது. ஆனால் பின் எண்ணைக் கைபேசி உறையிலும் ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலும் எழுதுவது, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதாகும். வங்கிக் கணக்குகளில் வாரிசுதாரர் பெயர் பதிந்திருக்கிறதா என்பதையும் அடுத்த முறை வங்கிக்குச் செல்லும்போது கேட்டறிவோம்.

இத்தனைக்குப் பின்னும் பணம் பறிபோனால், வெட்கத்தால் மறைத்துவிடக் கூடாது. 1930 என்ற எண்ணை உடனே அழைத்து முறையிட வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, தவறு வங்கியிடமும் நம்மிடமும் இன்றி வேறெங்கோ இருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பில்லை. நாமே இரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு நம்முடையது. அறிவித்த பின் நேர்வது வங்கியுடையது. எனவே ஒவ்வொரு மணி நேரமும் மதிப்புடையது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, வலை சீர்செய்யும் நேரத்தில் அரை மணியை ஒதுக்குவோம். பெற்றோரும் பிள்ளைகளும் கூடி அமர்ந்து, மின்னஞ்சலின் சொல்லை மாற்றுவது, பெட்டகம் ஒன்றைத் தொடங்குவது, உறையை எழுதி ஒட்டுவது ஆகிய மூன்றையும் செய்து முடிப்போம். கிழிந்த கண்ணியை மீன் போகுமுன் தைக்க வேண்டும் என்பதை நம் மீனவருக்கு நாம் சொல்ல வேண்டுமோ!